பசையின் கதை – 19: பத்தாயிரம் கல்லுமக்காய், ஒரு கிராம்

இதுவரை: 1942-ல் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர், தொட்டதோடெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்த ஒரு திரவத்தை வேண்டாமென்று ஒதுக்கினார். 1951-ல் அதே வகைத் திரவம் ஈஸ்ட்மன் கோடக் ஆய்வகத்தில் ஒரு கருவியின் இரண்டு பட்டகங்களைப் பிரிக்கவே முடியாதபடி சேர்த்துவிட்டது. 1958-ல் அது சூப்பர் பசையாக விற்பனைக்கு வந்தது. இன்று நம் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறது.

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தினோம். உலர்ந்த உலகத்தில் எதையும் விட்டுவைக்காத அந்தப் பசை, தண்ணீருக்குள் மட்டும் ஏன் தோற்கிறது?

முந்திக்கொண்ட தண்ணீர்

பாறை, கண்ணாடி, உலோகம் எதுவானாலும் சரி, நனைந்துவிட்டால் அதன் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் படலமாகப் படிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் பசை அந்தப் படலத்தின் மேல்தான் உட்காருகிறது. கல்லைத் தொடுவதே இல்லை.

சூப்பர் பசைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது இறுகுவதே ஈரத்தால்தான். காற்றில் இருக்கும் துளி ஈரமே அதற்குப் போதும். தண்ணீருக்குள் நேராக விட்டால், பரவ நேரமில்லாமல் இறுகி வெள்ளைக் கட்டியாகிவிடும்.

அதனால்தான் எந்தப் பசைக் குழாயைத் திருப்பிப் பார்த்தாலும் அதே வரி இருக்கிறது: சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பிறகு ஒட்டவும்.

கப்பலின் அடிப்பாகத்தை எப்படி உலர்த்துவது? அறுவை சிகிச்சை மேஜையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஈரலை எப்படி உலர்த்துவது?

விடை, அலை மோதும் பாறைகளில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. கல்லுமக்காய். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரப் பாறைகளில் மூழ்கி இதைப் பெயர்த்தெடுப்பவர்களுக்கு அதன் பிடி என்னவென்று தெரியும். அங்கே பெரும்பாலும் கிடைப்பது பழுப்பு ஓட்டுக்காரன். இந்த வாரக் கதையின் நாயகன் அவனுடைய அட்லாண்டிக் உறவினன், நீல ஓட்டுக் கல்லுமக்காய்.

கண்ணாடியில் அழுத்திய கால்

இதைக் கடல்நீர்த் தொட்டியில் விட்டுக் காத்திருந்தால், ஓடு லேசாகத் திறக்கும். உள்ளேயிருந்து ஒரு சதைத் துண்டு நீண்டு வெளியே வரும். அதுதான் கால். நடப்பதைவிட முக்கியமான வேலை அதற்கு உண்டு.

கால் இங்கும் அங்கும் தடவும். ஓரிடம் பிடித்துப்போனால், நுனியைக் கண்ணாடியில் வைத்து அழுத்தும். நுனியில் ஒரு சிறு குழி இருக்கிறது. குழியின் விளிம்பு கண்ணாடியோடு படிந்ததும் உள்ளே ஒரு மூடிய அறை உருவாகிவிடுகிறது. அந்த அறைக்குள் மட்டும் கடலின் விதிகள் செல்லாது. வெளியே கடல்நீரின் பிஎச் சுமார் 8. உள்ளே அது சுமார் 3-க்கு இறங்கிவிடுகிறது, அதாவது நல்ல புளிப்பு.

அங்கேதான் புரதங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. காலின் நீளத்துக்கு ஓடும் பள்ளம் ஓர் அச்சு. அதில் நார் வார்க்கப்படுகிறது.

சில நிமிடம் ஆனதும் கால் விலகும். அது இருந்த இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நார். நாரின் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டு, கண்ணாடியோடு ஒன்றிப்போய் இருக்கும். கால் கொஞ்சம் நகர்ந்து அடுத்த இடத்தைத் தடவ ஆரம்பிக்கும். இப்படிப் பல டஜன் நார்கள் போட்ட பிறகு எந்த அலையும் அதை அசைப்பது கடினம்.

கண்ணாடிக்குப் பதில் டெஃப்லானை வைத்தாலும் வட்டைப் பதித்துவிடும். பிடி வெகுவாகக் குறையும், ஆனாலும் ஒட்டும். தோசை ஒட்டாத பரப்பில் ஒரு கடற்பிராணி ஒட்டுகிறது!

கறுத்துப்போகும் புரதம்

அந்த அறைக்குள் விழுவது என்ன? 1970களின் இறுதியில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் ஹெர்பர்ட் வெய்ட், அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில்.

கேட்க எளிதான கேள்வி. ஆனால் பசையை ஆராய்வதில் ஒரு முரண் இருக்கிறது. வட்டு ஒருமுறை இறுகிவிட்டால் எதிலும் கரையாது. கரையாததை வேதியியலாளர் பிரிக்க முடியாது. இறுகுவதற்கு முன்பே, காலுக்குள் இருக்கும் சுரப்பியிலேயே பிடிக்க வேண்டும்.

சுரப்பியிலிருந்து எடுத்தாலும் நிம்மதி இல்லை. காற்று பட்டால், கொஞ்சம் காரத்தன்மை பட்டால், புரதம் கறுத்துத் தன்னோடு தானே பிணைந்துகொண்டு வீணாகிவிடும். வழி, அமிலத்திலேயே வைத்திருப்பது. கால்களை அரைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது ஏறக்குறைய வினிகரில், புரதத்தை இழுத்தார்கள். விலங்கும் தன் அறையை அமிலமாகத்தான் வைத்திருக்கிறது என்பது பல காலம் கழித்துத்தான் அளந்து தெரிந்தது.

1981-ல் வெய்ட்டும் மார்வின் டான்சரும் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் புரதத்தில் டோபா இருந்தது. நிறையவே இருந்தது.

டோபா புதிய பொருள் அல்ல. நடுக்குவாத நோய்க்கு அதுவே மருந்து. நம் ஊர்ப் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. ஆனால் உடம்பு புரதம் கட்டுவதற்கு மரபணு ஒதுக்கியிருக்கும் இருபது அமினோ அமிலங்களின் பட்டியலில் டோபா இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் பட்டியலில் உண்டு. கல்லுமக்காய் முதலில் டைரோசினை வைத்துப் புரதத்தைக் கட்டுகிறது. பிறகு அந்த டைரோசினின் வளையத்தில், ஏற்கெனவே இருக்கும் ஓஎச் தொகுதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓஎச்சைச் சேர்க்கிறது. ஒரு கை இரண்டு கையாகிறது. டைரோசின் டோபாவாகிறது.

இரண்டு கை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் விஷயம். அவை கல்லின் பரப்பில் இருக்கும் உலோக அணுக்களைக் கவ்வும். அங்கே முன்பே உட்கார்ந்திருக்கும் தண்ணீரை நகர்த்திவிட்டுக் கவ்வும்.

1983-ல் வெய்ட் இன்னும் ஓர் அடி வைத்தார். அந்தப் பெரிய புரதம் பெரும்பாலும் பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கு, எழுபது எண்பது முறை திரும்பத் திரும்ப வருவதால் ஆனது. பத்து எழுத்தில் எழுதிய சூத்திரம்!

படித்தவர்களுக்குக் கை அரித்தது. இதை ஏன் செய்து பார்க்கக் கூடாது?

ஒரு கிராமின் விலை

முதலில் வந்தவர்கள் செய்து பார்க்கவில்லை; பிழிந்து எடுத்தார்கள். கனெக்டிகட்டிலேயே பயோபாலிமர்ஸ் என்ற நிறுவனம், கல்லுமக்காயிலிருந்து எடுத்த புரதத்தை ‘செல்-டேக்’ என்ற பெயரில் விற்றது. ஆய்வகத் தட்டுகளில் உயிரணுக்களை ஒட்டிவைக்க அது உதவியது. மைக்ரோகிராம் கணக்கில் வாங்குபவருக்குச் சரி. ஏனென்றால் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 கல்லுமக்காய் வேண்டும்.

ஒரு கிராமை வைத்துக்கொண்டு கப்பல் ஒட்ட முடியாது. ஒரு செருப்பைக்கூட முழுதாக ஒட்ட முடியாது.

அடுத்து மரபணுக்காரர்கள் வந்தார்கள். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலின் செய்து வெற்றிபெற்றிருந்த காலம் அது. கல்லுமக்காயின் மரபணுவையும் அப்படியே ஈஸ்டுக்குள்ளும் பாக்டீரியாவுக்குள்ளும் வைத்துப் பார்த்தார்கள். புரதம் வந்தது. ஒட்டும் சக்தி வரவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: டோபா மரபணுவில் எழுதப்படவில்லை. பாக்டீரியா டைரோசினோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவது கையை யாராவது பிறகு சேர்க்க வேண்டும். காளானிலிருந்து எடுத்த நொதியை வைத்துச் சேர்த்தார்கள். பாதி சேர்ந்தது, பாதி சேரவில்லை. 2004-க்குப் பிறகு தென் கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழகத்தில் ஹியுங் ஜூன் சா குழுவினர் வேறொரு கல்லுமக்காய்ப் புரதத்தைப் பாக்டீரியாவில் செய்து இந்த வழியை வெகுதூரம் கொண்டுபோனார்கள். அது மருத்துவத்துக்கான பாதை. வேறொரு வாரம் பார்ப்போம்.

இதற்கிடையில் ஒரு சங்கடமான உண்மை மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

தப்பான புரதம்

1981-ல் கண்டுபிடித்த அந்தப் புகழ்பெற்ற புரதம், பசையே இல்லை.

அது நாரின் வெளித்தோல். நாரும் வட்டும் மணலில் உரசித் தேயாமல் இருக்க விலங்கு பூசும் வார்னிஷ். கல்லைத் தொடும் இடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

வெய்ட்டே இதைத் தேடித் தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர். 1990களில் வட்டை அடுக்கடுக்காகப் பிரித்து, கிடைத்த புரதங்களுக்கு எண் கொடுத்தார்கள். 1995-ல் மூன்றாம் எண் புரதம் வந்தது. 2001-ல் ஐந்தாம் எண் வந்தது. கல்லுக்கும் வட்டுக்கும் நடுவே இருப்பவை இவைதான். இரண்டும் குட்டிப் புரதங்கள். ஐந்தாம் எண்ணுக்கு எழுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்களே. ஆனால் அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு டோபா!

சிலர் இதை இருபது ஆண்டு வீண் என்று சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பிட்டால் வார்னிஷில் டோபா கொஞ்சம். கல்லைத் தொடும் முனையில் டோபா ஏராளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், எத்தனை டோபா எங்கே இருக்கிறது என்பதே ஒரு கணக்கு என்று புரிந்தது. சரியான புரதம் முதலிலேயே கிடைத்திருந்தால் அதை அப்படியே நகல் எடுக்கத்தான் முயன்றிருப்பார்கள்.

ஆனாலும் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. டோபாதான் ஒட்டுகிறது என்பதற்கு என்ன சாட்சி? அது அங்கே நிறைய இருக்கிறது என்பது மட்டும்தான். நிறைய இருப்பதெல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

ஒரே ஒரு மூலக்கூறு

இடம்: சிகாகோவுக்கு அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். பிலிப் மெஸ்ஸர்ஸ்மித்தின் ஆய்வகம். ஆய்வு மாணவர் ஹேஷின் லீ.

அவர்கள் கையில் எடுத்தது அணுவிசை நுண்ணோக்கி. பெயர் நுண்ணோக்கி என்றாலும் இது பார்ப்பதில்லை, தொட்டுப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத கூர்மையுள்ள ஓர் ஊசி, மிக மெல்லிய ஒரு பட்டையின் முனையில் நிற்கும். ஊசி எதிலாவது ஒட்டிக்கொண்டு இழுபட்டால் பட்டை வளையும். எவ்வளவு வளைந்தது என்பதை ஒளிக்கற்றை வைத்து அளந்தால், இழுவிசை தெரியும்.

ஊசியின் முனையில் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறைக் கட்டினார்கள். அந்தச் சங்கிலியின் நுனியில் ஒரே ஒரு டோபா. கீழே, தண்ணீரில் மூழ்கிய டைட்டேனியம்.

ஊசி இறங்கியது. தொட்டது. மேலே இழுத்தார்கள்.

பட்டை வளைந்தது. வளைந்துகொண்டே போனது. சுமார் 800 பிகோநியூட்டன் வந்தபோதுதான் பிடி விட்டது. ஒரு பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. நமக்குத்தான் அது ஒன்றுமில்லை. ஒற்றை மூலக்கூறுக்கு அது பெரிய பிடி. அதுவும் தண்ணீருக்குள்.

மறுபடி இறக்கினார்கள். அதே டோபா அதே வேகத்தோடு மறுபடி ஒட்டியது. திரும்பத் திரும்ப ஒட்டியது. கவ்வவும் தெரியும், விடவும் தெரியும், விட்ட பிறகு சேதமில்லை.

அதன் பிறகு சுற்றியிருந்த நீரைக் காரமாக்கினார்கள். கடல்நீர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம். காரத்தில் டோபா ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோன் ஆகிறது. இரண்டு கைகளிலும் இருந்த ஹைட்ரஜன் போய்விடுகிறது.

அளவு சுமார் 180-க்கு இறங்கியது. அதே மூலக்கூறுதான். கை மடங்கிப்போய்விட்டது.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை எளிது: டோபா நல்லது, குவினோன் கெட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. டைட்டேனியத்துக்குப் பதில், உயிருள்ள திசுவில் இருப்பதுபோல் அமீன் தொகுதிகள் நிரம்பிய பரப்பைக் கீழே வைத்தார்கள். இப்போது ஆக்சிஜனேற்றம் அடைந்த அதே மூலக்கூறு 2,200 பிகோநியூட்டன் வரை விடாமல் பிடித்தது. விட்டபோது முறிந்தே போனது. மறுமுறை ஒட்டவில்லை.

2006-ல் வெளியான அந்த ஆய்வு டோபாவின் இரட்டை முகத்தைக் காட்டியது. ஆக்சிஜன் படாத டோபா கல்லையும் உலோகத்தையும் பிடிக்கிறது. ஆக்சிஜன் பட்ட டோபா தன் அக்கம்பக்கத்துச் சங்கிலிகளைப் பிடித்துப் பசையை இறுக்குகிறது. பசைக்கு இரண்டுமே வேண்டும். கல்லைப் பிடிக்காத பசை உரிந்து வரும். தனக்குள் இறுகாத பசை நடுவிலே பிளந்து இழுபடும். ஆனால் ஒரே டோபா ஒரே நேரத்தில் இரண்டு வேலையும் செய்ய முடியாது.

மோரில் போட்ட வாழைப்பூ

வாழைப்பூவை ஆய்ந்ததும் மோரில் போடுவது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போடாவிட்டால் கறுத்துவிடும். நறுக்கிய இடத்தில் டோபாவுக்கு உறவான பொருள்கள் காற்றுப் பட்டுக் குவினோன் ஆகிக் கறுக்கின்றன. மோரின் புளிப்பு அதைத் தாமதப்படுத்துகிறது.

கல்லுமக்காயும் அந்தச் சின்ன அறைக்குள் இதைத்தான் செய்கிறது. டோபா கல்லைத் தொடும்வரை புளிப்பில் வைத்திருக்கிறது. அது போதாதென்று ஆறாம் எண் புரதம் என்று ஒரு காவலாளியையும் அனுப்புகிறது. அதில் கந்தகத் தொகுதிகள் உண்டு. தவறிப்போய்க் குவினோன் ஆகிவிட்ட டோபாவை அவை திரும்ப டோபாவாக மாற்றிவிடுகின்றன. 2011-ல் வெய்ட்டின் குழு இதை வெளிக்கொண்டு வந்தது. வெய்ட் அப்போது கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் இருந்தார்.

கால் விலகியதும் கடல்நீர் உள்ளே புகுந்து அமிலத்தைக் கழுவிவிடும். மிச்சமிருக்கும் டோபா இப்போதுதான் ஆக்சிஜனேற்றம் அடைந்து இறுக ஆரம்பிக்கும். முதலில் பிடி, பிறகு இறுகு. வரிசை மாறினால் எல்லாம் கெட்டது.

இப்போது ஒரு தொழிற்சாலை முதலாளியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஆறேழு புரதங்கள், ஓர் அமில அறை, நிமிடக் கணக்கில் வரிசை. இதையா டிரம்மில் அடைத்து விற்பது?

புரதத்தைத் தூக்கிப் போடு

கடலே இல்லாத இண்டியானா மாநிலத்தில், பர்டூ பல்கலைக்கழகத்தில், தொட்டிகளில் கல்லுமக்காய் வளர்த்துக்கொண்டிருந்தார் ஜோனாதன் வில்கர்.

2004-ல் அவர் குழு, காலிலிருந்து எடுத்த பசைப் பொருளோடு பல உலோகங்களைக் கலந்து எது சிறப்பாக இறுக்குகிறது என்று பார்த்தது. இரும்பு ஜெயித்தது. கடலிலிருந்து இரும்பை வடிகட்டிச் சேர்க்கும் பிராணி அதைத் தன் பசையிலும் பயன்படுத்துகிறது என்ற எண்ணத்துக்கு அது வலுக் கொடுத்தது.

ஆனால் வில்கரின் உண்மையான திருப்பம் வேறு. எல்லாரும் ‘இந்தப் புரதத்தை எப்படிச் செய்வது’ என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ‘இந்தப் புரதத்தில் எது தேவையில்லை’ என்று அவர் கேட்டார்.

டோபாவில் ஒட்டும் வேலை செய்வது அந்த வளையமும் இரண்டு கைகளும்தான். வேதியியலில் அதற்குக் கேட்டகால் என்று பெயர். 1839-லேயே தெரிந்த பொருள். வெற்றிலைப் பாக்கோடு போடும் காசுக்கட்டியைச் சூடாக்கி வடித்தபோது முதலில் கிடைத்தது. டோபாவின் மற்ற பகுதி, அதாவது அமினோ அமிலமாக இருந்து புரதச் சங்கிலியில் கோத்து நிற்கும் பகுதி, வெறும் தாங்கி.

அப்படியானால் தாங்கியை மாற்றினால் என்ன?

வில்கர் எடுத்த தாங்கி பாலிஸ்டைரீன். டெலிவிஷன் பெட்டிக்குள் வெள்ளையாக வரும் தெர்மாகோல் எதனால் ஆனதோ, அதே பிளாஸ்டிக். அதன் நீண்ட சங்கிலியில் ஸ்டைரீனுக்கும் ஒரு வளையம் உண்டு. சில வளையங்களில் மட்டும் இரண்டு கைகளைப் பொருத்திவிட்டால் கேட்டகால் ஆகிவிடும்.

சொல்வது எளிது. சங்கிலி கோக்கும்போதே அந்தக் கைகள் சும்மா இராது. நடுவில் புகுந்து வினையைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் இரண்டு கைகளுக்கும் மெத்தில் உறை மாட்டினார்கள். சங்கிலி கோத்து முடித்த பிறகு உறையைக் கழற்றினார்கள். 2007-ல் இந்தச் சுருக்கப்பட்ட போலி வெளியானது.

பிறகு வந்தது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எத்தனை கை?

கேட்டகால் குறைவாக வைத்தால் ஒட்டவில்லை. சரி, கூட்டினார்கள், பிடி கூடியது. இன்னும் கூட்டினார்கள், இன்னும் கூடியது. ஓரளவு வரை. அதைத் தாண்டியதும் பிடி இறங்க ஆரம்பித்தது! கல்லைப் பிடிக்கும் வேலைக்கும் தனக்குள் இறுகும் வேலைக்கும் நடுவே ஒரு சமநிலை இருக்கிறது. அளவு தப்பினால் அது குலைந்துவிடுகிறது. 2012-ல் அவர்கள் சொன்ன உச்சம், மூன்றில் ஒரு பங்கு கேட்டகால்.

மேலே ஒரு முறை திரும்பிப் பாருங்கள். கல்லைத் தொடும் ஐந்தாம் எண் புரதத்தில் டோபாவின் பங்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இதைப் பெரிய ரகசியம் என்று தூக்கிவைக்க எனக்குத் தயக்கம். தாங்கியே வேறு, சூழலே வேறு, ஈரத்துக்கான உச்சமும் வேறாகத்தான் வந்தது. ஆனால் கவனிக்காமல் போகவும் முடியவில்லை.

உலர்ந்த உலோகத்தில் அந்தப் பசை சூப்பர் பசையோடு சமமாக நின்றது. அதில் வெற்றி இல்லை. உலர்ந்த உலகத்துக்குப் பசை ஏற்கெனவே இருக்கிறதே.

தொட்டிக்குள் ஒரு நாள்

உப்புநீர் நிரம்பிய தொட்டி. அடியில் பளபளவென்று மெருகேற்றிய அலுமினியத் துண்டு. பசையைக் குளோரோஃபார்மில் கரைத்து வைத்திருந்தார்கள். குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் நீருக்குள் விட்ட பசை மிதந்து ஓடவில்லை. இறங்கி அலுமினியத்தின் மேல் படிந்தது. இன்னொரு துண்டை நீருக்குள்ளேயே மேலே வைத்து, இறுக விட்டார்கள். பிறகு வெளியே எடுத்து, இரண்டு முனையையும் இயந்திரத்தில் பிடித்து இழுத்தார்கள்.

சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ இழுவையைத் தாங்கியது.

சந்தையில் கிடைக்கும் பத்துப் பசைகளை ஒப்பிட்டார்கள். மெருகேற்றிய அலுமினியத்தில் நீருக்கடியில் எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை. மரத்தில், சோதித்தவற்றுள் இது மட்டும்தான் ஒட்டியது. டெஃப்லானிலும் மற்றவற்றை வெகுவாக மிஞ்சியது. இந்த முறை சிறப்பாக வேலை செய்தது மூன்றில் ஒரு பங்கு அல்ல. நூற்றுக்கு 22 பங்கு கேட்டகால்.

கல்லுமக்காயின் சொந்தப் பசையோடும் ஒப்பிட்டார்கள். 17 மடங்கு. 2017-ல் வந்த ஆய்வில் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்ட எண் இதுதான்.

எனக்கு அந்த எண்ணில் பெரிய பரவசம் இல்லை. ஒற்றை வட்டு எவ்வளவு தாங்கும் என்பது கல்லுமக்காயின் கவலை அல்ல. அதற்குப் பல டஜன் நார் இருக்கிறது; ஒன்று அறுந்தால் இன்னொன்று போடும்; தேவைப்பட்டால் மொத்த நாரையும் கழற்றிவிட்டு வேறு இடத்துக்கு நகரும். நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அதற்கே ஆபத்து. மனிதன் வேறு தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு விலங்கை ஜெயித்ததாகச் சொல்கிறான். ஆனால் அந்தத் தொட்டியில் நடந்தது உண்மையான சாதனைதான்: ஆறேழு புரதமும் அமில அறையும் செய்யும் வேலையின் ஒரு பகுதியை, ஒரே ஒரு பிளாஸ்டிக் சங்கிலி செய்தது.

இதைக் கடையில் கேட்டால்

அப்படியானால் ஏன் உடனே கடைக்கு வரவில்லை?

குளோரோஃபார்மை ஒரு தச்சரின் கையிலோ அறுவை மருத்துவரின் கையிலோ கொடுக்க முடியாது. மெத்தில் உறை மாட்டிக் கழற்றும் வேதியியல் பல படிகள் கொண்டது, செலவு பிடிப்பது. அடித்தளம் பெட்ரோலியம். ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பசை கிலோவில் அல்ல, டன் கணக்கில் வேண்டும், மலிவாக வேண்டும். அந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தது யூரியா–ஃபார்மால்டிஹைடு பசையை. 2004-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. அலமாரியிலிருந்தும் கட்டிலிலிருந்தும் அந்த வாயு கசிகிறது. மாற்று அவசரமாகத் தேவைப்பட்டது.

கல்லுமக்காயைப் பார்த்தவர்கள் பர்டூவிலும் நார்த்வெஸ்டர்னிலும் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கைசாங் லி என்ற மரப்பொருள் வேதியியலாளரும் பசிபிக் அலைக்கு அசையாத அதே பிராணியைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் ஆராய்ச்சி முதலில் டோபாவின் பாதையில்தான் போனது. கேட்டகால் கைகளைச் சோயாப் புரதத்தில் ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பாதையை விட்டார்.

2005-ல், வில்கரின் நீருக்கடிப் பசை வெளியாவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, கொலம்பியா ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் என்ற ஒட்டுப்பலகை நிறுவனம் லியின் பசைக்கு மாறத் தொடங்கியது. அது சோயா மாவில் செய்த பசை. ஃபார்மால்டிஹைடு சேர்க்காதது. ஈரம் பட்டாலும் பலகை பிரியவில்லை.

அதில் டோபா ஒரு துளிகூட இல்லை.

கல்லுமக்காயிடம் பாடம் கேட்டு, இத்தனை பேர் இத்தனை ஆண்டு துரத்திய அந்த ஒரே பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் சோயா மாவைத் தண்ணீர் தொடாத பசையாக்கியது எது?

*(அடுத்த வாரம்)*